வாசல் தூணில் ஏறிய கோடுகள்

எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் கேட் முன்னால் நின்று கொஞ்சம் தயங்குவார்கள். தெருவில் நின்று பார்த்தால் எங்கள் ஜன்னலின் மேல்பாதிதான் தெரியும். கேட்டைத் திறந்தால் சிமெண்டுச் சரிவு ஒன்று கீழே இறங்கும். அதில் பார்த்துக் கால் வைக்காவிட்டால் நேராக வராந்தாவில் வந்து விழ வேண்டியதுதான். போன மாதம் கொரியர் கொண்டுவந்த ஆள் மேலேயே நின்றுகொண்டு, "அக்கா, கீழ் போர்ஷன் வாடகைக்கா? ஓனர் மேலயா இருக்காங்க?" என்று கேட்டார். நான்தான் ஓனர் என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. பார்சலைக் கொடுத்துவிட்டு, மேலே வேறு வீடு இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனார்.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. இந்த வீடு கட்டியபோது தெருவிலேயே உயரமான வீடு இதுதான் என்று இன்றைக்குச் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். உயரமான வீடு என்ன, தெருவில் வீடு என்று இருந்ததே இது ஒன்றுதான்.

அதற்கு முன் டவுனுக்குள் சிம்மக்கல்லில் ஒரு காம்பவுண்டு வீட்டில் குடியிருந்தோம். எல்லாக் குடித்தனத்துக்கும் சேர்த்து ஒரே குழாய். காலையில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் பல் விளக்கி, பல் விளக்கிவிட்டு ஒரு சண்டை போட்டு, அதற்குப் பிறகு நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்ப வேண்டும். ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். என் வீட்டுக்காரர் மில்லில் ஃபிட்டர். தண்ணீருக்கு வரிசையில் நிற்காத வீடு ஒன்று வேண்டும் என்பதைத் தவிர அந்த நாளில் எனக்குப் பெரிய ஆசை எதுவும் கிடையாது.

மனை விற்கிறவர்கள் வேன் வைத்துக் கூட்டிப்போனார்கள். வில்லாபுரம் தாண்டி, டவுன் பஸ் திரும்புகிற இடமும் தாண்டி, உள்ளே வெகுதூரம் போனோம். அறுத்து முடித்த வயல். அதில் வெள்ளையடித்த கல் நட்டு, கலர் கொடி கட்டியிருந்தார்கள். கொஞ்சம் தள்ளிக் கண்மாய்க்கரை தெரிந்தது. வயல் ஏன் வயலாக இருந்தது, கண்மாய் ஏன் அதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்றெல்லாம் யோசிக்க எங்களுக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. "தண்ணிக்கு இங்கன கஷ்டமே வராதும்மா" என்றார் புரோக்கர். சொன்னதில் பாதி பொய். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மனுஷன் வாக்குத் தவறவில்லை.

அலங்காநல்லூர்ப் பக்கமிருந்து வந்த ஒரு இளவயசுக் கொத்தனார்தான் எங்கள் வீட்டைக் கட்டினார். தனியாக எடுத்துச் செய்கிற முதல் வேலை அவருக்கு இது. என் வீட்டுக்காரர், தரை நிற்கிற பேஸ்மட்டத்தை வயலிலிருந்து மூன்றடி ஏற்றச் சொன்னபோது கொத்தனார் வாய்விட்டுச் சிரித்தார். "என்னண்ணே, வீடு கட்டுறமா கப்பல் கட்டுறமா? எதுக்கு இம்புட்டு உசரம்?" என்று கேட்டார். இவர் மசியவில்லை. கிராவல் மண் லோடு லோடாக வந்து இறங்கியது. வேலை முடிந்த அன்றைக்குச் சாயந்தரம் இவர் வயலுக்குள் கொஞ்ச தூரம் நடந்துபோய்த் திரும்பி நின்று, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வீட்டைப் பார்த்தார். "நல்ல உசரம்" என்றார். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவர் முகத்தில் அவ்வளவு திருப்தியை நான் பார்த்ததில்லை.

வாசலில் ஏறிவரப் படிகள் இருந்தன. மேல் படியில் உட்கார்ந்து இவர் டீ குடிப்பார். எதிரே கண்ணுக்கு எட்டிய மட்டும் வெட்டவெளி, நரி மாதிரி ஊளையிடும் நாய்கள், வானம். எனக்குப் பயமாக இருக்கும். பக்கத்தில் ஒரு வீடு வந்தால் போதும் என்று நான் வேண்டாத சாமி இல்லை.

சாமி கேட்டுவிட்டது.

இந்தப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வீடு கட்டுகிறவர்கள், ஏற்கெனவே இருக்கிற வீட்டில்தான் தண்ணீரும் கரண்டும் கேட்பார்கள். ஒரு சீப்புப் பழத்தோடு வருவார்கள், கொடுக்கத்தான் வேண்டும். முடியாது என்று சொன்ன வீட்டுக்கு அப்புறம் நல்லது கெட்டது எதற்கும் ஒருத்தரும் வரமாட்டார்கள். எங்கள் வீடு முதல் வீடு என்பதால் தெருவில் பாதி வீடு எங்கள் போர் தண்ணீரில்தான் எழுந்தது. காம்பவுண்டுச் சுவருக்கு மேலே எப்போதும் ஒரு ஹோஸ் தொங்கும். எங்கள் ஹாலில் யாருடைய சிமெண்டு மூட்டையாவது அடுக்கியிருக்கும். வேலைக்கு வருகிற பெண்கள் எங்கள் வராந்தாவில் உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறப்பார்கள். எனக்கு முணுமுணுப்பு உண்டு. ஆனால் ஆள் நடமாட்டம் வந்ததே என்ற சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

தண்ணீர், கரண்டு தவிர இன்னொன்றும் எங்கள் வீட்டிலிருந்துதான் போனது. உயரம்.

பக்கத்து மனையில் அஸ்திவாரம் முடிந்ததும் நம்ம கொத்தனார் தோளில் ஒரு நீளமான டியூப்பைச் சுருட்டிப் போட்டுக்கொண்டு வருவார். தெருவில் பெரும்பாலான வீடுகளை அவர்தான் கட்டினார். டியூப் கண்ணாடி போல உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக். அதில் தண்ணீர் ரொப்பி, ஒரு முனையை எங்கள் வாசல் தூணில் சேர்த்துப் பிடிக்க வேண்டும், மறுமுனையைப் புது மனையில் நட்ட கட்டையில். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் வந்து நிற்கும். எங்கள் தூணில் ஒரு பென்சில் கோடு, அங்கே ஒரு கோடு. எங்கள் வீட்டுக்கு மேலே அவர்கள் எவ்வளவு ஏற்ற வேண்டும் என்பதை அந்தக் கோட்டிலிருந்து கணக்குப் பண்ணிக்கொள்வார்கள்.

எங்கள் பக்கத்து முனையைப் பிடிக்கிறவர் எப்போதும் என் வீட்டுக்காரர்தான். அதற்கென்று ஒரு பக்குவம் உண்டு. டியூப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்திருக்க வேண்டும். கொத்தனார் குரல் கொடுக்கும்போது மட்டும் விரலை எடுக்க வேண்டும், கோடு போட்டதும் உடனே அடைத்துவிட வேண்டும். மறந்துவிட்டால், அந்தப் பக்கம் லேசாகத் தூக்கினாலும் இந்தப் பக்கம் தண்ணீர் பூராவும் கொட்டிவிடும். திரும்ப முதலிலிருந்து ரொப்ப வேண்டும். இவர் கையில் ஒருநாளும் ஒரு சொட்டுக்கூடச் சிந்தியதில்லை. "அண்ணே பிடிச்சா அளவு சுத்தமா இருக்கும்" என்பார் கொத்தனார். இவருக்கு அதில் அப்படி ஒரு பெருமை. சொந்தக்காரர்களுக்குப் போன் போட்டு, "நம்ம வீட்டை வச்சுத்தான் இங்க அம்புட்டு வீட்டுக்கும் அளவு" என்று சொல்வார்.

அளவு எடுத்துக்கொண்டு அதே உயரத்தில் கட்டினால் பரவாயில்லை. அடுத்த வீட்டைவிடத் தாழ்ந்து கட்ட யாருக்கு மனசு வரும்? முதல் வீடு எங்களைவிட அரையடி ஏற்றினார்கள். அடுத்த வீடு அவர்களைவிட அரையடி. வாஸ்துக்காரர் வந்து தென்மேற்கு மூலை உயரமாக இருக்கணும் என்று சொல்லிவிட்டுப் போன வீடு இன்னும் ஒரு அடி. புது பேஸ்மட்டம் வரப்போகிற உயரத்தை ஒட்டியே கோட்டைப் போட்டால் வேலை சுலபம் என்பதால் ஒவ்வொரு தடவையும் எங்கள் தூணில் கோடு கொஞ்சம் மேலே போனது. முதல் கோடு என் முழங்காலுக்கு. அப்புறம் தொடை. அப்புறம் இடுப்பு. பிள்ளை வளர்கிறதைச் சுவரில் கோடு போட்டு வைப்போமே, அந்த மாதிரி எங்கள் தூணில் தெரு வளர்ந்தது. நான் அதைத் துடைக்க விடவில்லை. முதலில் அழகாக இருக்கிறது என்று விட்டேன். அப்புறம் ஆத்திரத்தில் விட்டேன்.

ரோடு வேறு. மண்ரோட்டில் வழுக்கி விழுந்து விழுந்து, எல்லோரும் சேர்ந்து மனு மேல் மனு கொடுத்து, ஒருவழியாகத் தார் ரோடு வந்தது. அன்றைக்குக் கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தேன். அது பெயர்ந்ததும் அதன் மேலேயே இன்னொரு தார். அது பெயர்ந்ததும் அதன் மேலேயே சிமெண்டு. "பழசைச் சுரண்டிட்டுப் போடலாமே தம்பி" என்று வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். "எஸ்டிமேட்ல சுரண்டுறது இல்ல மேடம்" என்றார். அவரைப் பார்த்தாலும் பாவமாகத்தான் இருந்தது. எஸ்டிமேட்டை அவரா போட்டார்? எங்கள் வாசல் படிகள் கீழிருந்து ஒவ்வொன்றாக ரோட்டுக்குள் போயின. கடைசிப் படியும் போன பிறகு ரோடும் வராந்தாவும் சமமாக இருந்த காலம் ஒன்று இருந்தது. அது கொஞ்ச நாள்தான்.

முதல் தடவை வீட்டுக்குள் தண்ணீர் வந்தது ஒரு ஐப்பசி மழையில். சாயந்தரம் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன். காலில் ஏதோ சில்லென்று பட்டது. திரும்பிப் பார்த்தால் என் செருப்பு ஹாலில் இருந்து மிதந்து என்னைத் தேடி வந்துகொண்டிருந்தது.

இந்த இடத்தில்தான் எனக்குக் கையையும் காலையும் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். ஏனென்றால் திட்டுவதற்கு ஆள் இல்லை. மேற்கு வீட்டு பாய், ஜவுளி வியாபாரம் பண்ணிக்கொண்டு பழைய ஊருக்குள் இருந்து இங்கே குடிவந்தவர், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி எங்கிருந்தோ டீசல் என்ஜினைத் தள்ளிக்கொண்டு வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு விடிய விடிய இறைத்தார். அவர் வீட்டில் இருந்து எங்களுக்குச் சாப்பாடு வந்தது. கிழக்கு வீட்டில் இருந்து போர்வை வந்தது. எதிர்வரிசைப் பிள்ளைகள், என்னிடம் கணக்கு டியூஷன் படித்ததுகள், வந்து பீரோவைத் தூக்கிச் செங்கல் மேல் வைத்தன. எல்லோரும் நல்லவர்கள். அவர்கள் வாசலில் இருந்து வழிகிற தண்ணீர்தான் எங்கள் வீட்டுக்குள் வருகிறது. "டீச்சர், நாங்க என்ன செய்யணும்னு சொல்லுங்க, செய்யிறோம்" என்று பாய் கேட்டார். கணக்கு டீச்சருக்கு அதற்கு விடை தெரியவில்லை. உங்கள் வீட்டைக் கொஞ்சம் இறக்கிவையுங்கள் என்றா சொல்ல முடியும்?

அதற்கப்புறம் ஒவ்வொரு மழைக்கும் எங்களைக் காப்பாற்றியது எதிரே இருந்த காலி மனை. தெருவில் கட்டாமல் கிடந்தது அது ஒன்றுதான். மண் அடிக்காத பழைய வயல் மட்டத்திலேயே பள்ளமாகக் கிடந்தது. அந்த மழை வடிந்ததும், சிமெண்டு ரோடு போடுவதற்கு முன்னாலேயே இவரும் பாயும் சேர்ந்து எங்கள் வாசலில் இருந்து ரோட்டுக்கு அடியில் பெரிய பைப் ஒன்றைப் பதித்து அந்த மனையில் விட்டிருந்தார்கள். மழை பெய்தால் எங்கள் தண்ணீர் பைப் வழியாக அங்கே போய்த் தேங்கும். தவளை கத்தும். கொக்கு வந்து நிற்கும். நாத்தம் குடலைப் பிடுங்கும். ஆனாலும் எனக்கு அந்த மனை மேல் ஒரு பாசம். வெளிநாட்டில் இருக்கிற யாரோ வாங்கிப் போட்ட இடம் என்றார்கள். அந்த முகம் தெரியாத மனிதர் அங்கேயே நல்லபடியாக இருக்கட்டும், இந்தப் பக்கமே வராமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

வீட்டுக்குள்ளும் செய்ய முடிந்ததைச் செய்தோம். தரையை அரையடி ஏற்றினோம். அதற்காக எல்லாக் கதவையும் கீழே அறுத்தோம். ஃபேன் தலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இவர் கொஞ்சம் நெடுநெடு என்று இருப்பார், அடுப்படி நிலையில் நெற்றியை இடித்துக்கொள்ளாத நாள் இல்லை. "உன்னைப் பாக்க வாரப்பல்லாம் குனிஞ்சுதான் வரணும்னு விதி" என்பார். இதற்கு மேல் ஏற்றினால் நானே குனிய வேண்டும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறவர்களையும் வரவழைத்தோம். அவர்கள் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்துவிட்டு, கருங்கல்லை அடுக்கி எழுப்பியது, மேலே கம்பி கட்டின கான்கிரீட் பெல்ட்டு இல்லை, தூக்கினால் சுவர் பிளந்துவிடும் என்று சொல்லி, டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் இவருக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டது. காலையில் எழுந்து பனியன் போட்டவர் அப்படியே கட்டிலில் சரிந்தார். பேச்சும் போய்விட்டது. அப்புறம் ஒன்றிரண்டு வார்த்தை திரும்பி வந்தது. சக்கர நாற்காலிதான் கதி. கோயம்புத்தூரில் இருக்கிற எங்கள் மகன் வந்து, "இனிமே இங்க ஒரு நாளும் இருக்க வேணாம்மா" என்று எங்களை அழைத்துப்போனான்.

நல்ல அடுக்குமாடி வீடு. லிஃப்ட் இருக்கிறது. மழை பெய்தால் பால்கனியில் நின்று வேடிக்கை பார்க்கலாம். மனசைத் தொட்டுச் சொல்கிறேன், எனக்கு அங்கே நிம்மதியாக இருந்தது. இவர்தான் சாப்பாட்டைத் துப்பினார். ராத்திரி எல்லாம் விழித்திருந்தார். யார் என்ன கேட்டாலும் "வீட்டுக்கு" என்ற ஒரே பதில்தான். ஆள் பாதியாக உருகிப்போனார். டாக்டர் என் மகனைத் தனியாகக் கூப்பிட்டு, இப்படியே போனால் தாங்கமாட்டார், அவர் கேட்கிற இடத்துக்குக் கொண்டுபோய் விடுங்கள் என்றார். ஒரு மாதம்கூட முடியாமல் திரும்பி வந்தோம். பாயும் கிழக்கு வீட்டுக்காரரும் நாற்காலியைப் பிடித்துச் சரிவில் இறக்கினார்கள். தூணுக்குப் பக்கத்தில் வந்ததும் இவர் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டு விக்கி விக்கி அழுதார். அன்றைக்கு மத்தியானம் இரண்டு தடவை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இந்த மனிதர் இந்த வீட்டில்தான் இருப்பார், வேறு எங்கேயும் இருக்கமாட்டார். இந்த வீட்டில் இருக்க முடியுமா என்பதை அந்தக் காலி மனைதான் முடிவு செய்ய வேண்டும்.

போன தை மாதம் அதை விற்றுவிட்டார்கள்.

வாங்கியது ஒரு சின்னஞ்சிறுசு ஜோடி. அந்தத் தம்பி ஸ்கூல் வேன் ஓட்டுகிறார். அந்தப் பெண் ஒரு மருந்துக்கடையில் இருக்கிறாள், அப்போது வயிற்றில் ஐந்தோ ஆறோ மாசம். சீப்புப் பழத்தோடு சரிவில் பார்த்துப் பார்த்து இறங்கி வந்தார்கள். அவள் கையைப் பிடித்து நான்தான் இறக்கினேன். "அக்கா, வீடு ஆரம்பிக்கப் போறோம். தண்ணியும் கரண்டும் நீங்கதான்..." என்று அந்தத் தம்பி இழுத்தார்.

"எம்புட்டு ஏத்தப் போறீங்க?" என்று கேட்டேன். அவர்கள் உட்காரக்கூட இல்லை.

ரோட்டுக்கு மேல் மூன்றடி என்றார். பைப்பைப் பற்றிச் சொன்னேன். எங்கள் தண்ணீர் பூராவும் அந்த மனையில்தான் போய் விழுகிறது, மண்ணடித்து ஏற்றினால் பைப்பின் வாய் அடைபட்டுவிடும், அப்புறம் மழைக்கு நாங்கள் இங்கே இருக்க முடியாது என்று சொன்னேன். உள்ளே நாற்காலியில் இருந்தவரையும் காட்டினேன். அப்படிக் காட்டியது எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் காட்டினேன்.

இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பெண்தான் பேசினாள். "எனக்குப் புரியுதுக்கா. நாங்க இப்ப இருக்கிற வாடகை வீடும் பள்ளம்தான். போன மழைக்குக் கட்டுலு மேலயே ரெண்டு நாளு உக்காந்திருந்தோம். பிள்ளையை வச்சுக்கிட்டு அப்படி இருக்கக் கூடாதுன்னுதான் நகையெல்லாம் போட்டு இடம் வாங்குனோம். நாங்க ஏத்தலைன்னா அம்புட்டும் எங்க வீட்டுக்குள்ளதான வரும்?" அவள் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பு இல்லை. அழுகை வந்தது எனக்கா அவளுக்கா என்று தெரியவில்லை, இரண்டு பேர் கண்ணிலும் தண்ணீர் நின்றது. இந்தத் தெருவில் தண்ணீருக்கு மட்டும் பஞ்சமே கிடையாது.

கார்ப்பரேஷன் ஆபீசுக்குப் போனேன். இன்ஜினியர் பொறுமையாகக் கேட்டார். பட்டா இடம், அவர்கள் ஏற்றுவதைத் தடுக்க முடியாது என்றார். மழைநீர் வாய்க்கால் கட்டித் தாருங்கள் என்றேன். "வாய்க்கால் ரோட்டு மட்டத்துலதாம்மா வரும். உங்க வீட்டுத் தண்ணி மேல ஏறாதே. மோட்டார் வச்சு எறைச்சுக்கங்க" என்றார். எங்கே இறைப்பது என்று கேட்டேன். ரோட்டில் என்றார். ரோட்டில் இறைத்தால் அது எங்கே போகும் என்று கேட்டேன். அவர் யோசித்தார். யோசிக்க யோசிக்க அவர் முகமும் என் முகம் மாதிரி ஆகிவிட்டது. வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்க அழுதேன். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழவைத்தவள் நான். எனக்கு அழத் தெரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ராத்திரி மகனிடம் போனில் சொன்னேன், இந்த ஒரு வீட்டுக்கு மட்டும் நான் தண்ணீர் தரப்போவதில்லை. "அதனால அவங்க கட்டாம இருந்துருவாங்களாம்மா? லாரித் தண்ணி வாங்குவாங்க" என்றான். வாங்கட்டும். நான் கொடுக்கமாட்டேன். என்னால் முடிந்தது அது ஒன்றுதான், அதையாவது செய்வேன் என்று இருந்தேன். மறுநாள் ஹோஸைக் கழற்றி உள்ளே வைத்தேன். அந்தப் பெண் தெருவில் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்கள் லாரித் தண்ணீரிலேயே அஸ்திவாரம் எழுப்பினார்கள். மறுபேச்சு எதுவும் பேசவில்லை. அதுவும் என்னைத்தான் சுட்டது.

அஸ்திவாரம் முடிந்த மறுநாள் காலையில் இவரை வராந்தாவுக்குத் தள்ளி வந்து பேப்பரைக் கையில் கொடுத்திருந்தேன். கேட் சத்தம் கேட்டது. நம்ம கொத்தனார்தான். தலை நரைத்துவிட்டது. தோளில் டியூப்.

நான் எழுந்து சரிவின் கீழேயே மறித்து நின்றேன். "வேற வீட்டை வச்சுப் பாருங்க. பாய் வீட்டை வைங்க" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வைக்கலாம்க்கா. எல்லா வீட்டுக்கும் இங்கனதான் எடுத்தது. அண்ணே இருக்கும்போது அவரைக் கேக்காம எப்படின்னுதான் வந்தேன். வேணாம்னா போறேன்" என்றார். சொன்னபடியே திரும்பி நடக்கவும் செய்தார்.

பின்னால் இருந்து, "கொண்டா" என்று ஒரு குரல் வந்தது.

பல நாளாக அவ்வளவு தெளிவாக ஒரு வார்த்தை அவர் வாயில் இருந்து வந்ததில்லை. திரும்பிப் பார்த்தேன். பேப்பர் கீழே கிடந்தது. இடது கையை நீட்டிக்கொண்டிருந்தார். "ஏங்க, அது எதிர் மனைக்குங்க. நம்ம தண்ணி போற மனை" என்று காது கேட்காதவரிடம் சொல்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன். அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். என்னைப் பார்த்தார். "கொண்டா" என்றார் மறுபடியும், கொத்தனாரிடம்.

கொத்தனார் டியூப்பின் முனையை அவர் கையில் கொடுத்துவிட்டு மறுமுனையோடு மேலே ஏறிப்போனார். எதிர் மனையில் அந்தத் தம்பி கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் கொஞ்சம் தள்ளிச் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தாள். இவர் நாற்காலியில் இருந்தபடியே கையை உயர்த்தி, பழைய கோடுகளுக்கு மேலே டியூப்பைத் தூணில் சேர்த்துப் பிடித்தார். கை ஆடியது. உள்ளே தண்ணீரும் ஏறி இறங்கி ஏறி இறங்கி ஆடியது. உதட்டைக் கடித்துக்கொண்டு அதை நிறுத்தப் பார்த்தார். நான் உதவவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"வெரலை எடுங்கண்ணே" என்று மேலே இருந்து சத்தம் வந்தது. எடுத்தார். "ஆட்டாம, ஆட்டாம... சரிண்ணே, அடைச்சுக்கங்க. அந்த மூலைக்குப் போறேன்."

பிடிப்பதும் அடைப்பதும் ஒரே கையால் ஆகவில்லை. கட்டைவிரல் டியூப்பின் வாயைத் தேடித் தேடி வழுக்கியது. அதற்குள் கொத்தனார் மறுமுனையைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டார். டியூப்பில் இருந்த தண்ணீர் பூராவும் எங்கள் பக்கம் வந்து கொட்டியது. அவர் தலையில், சட்டையில், மடியில். தரையில் ஓடி நாற்காலிச் சக்கரத்தைச் சுற்றித் தேங்கி நின்றது.

இவர் பதறிப்போனார். ஈரத்துக்கு இல்லை. "தப்பு... எம்மேல... அடைக்கல" என்று சரிவைப் பார்த்துச் சொன்னார். கொத்தனார் ஓடி வந்தார். அவரிடமும் சொன்னார். "எந்தப்பு... எந்தப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். "அட, விடுங்கண்ணே. இதுக்குப் போயி. திரும்ப ரொப்பிக்கிட்டாப் போச்சு" என்றார் கொத்தனார். சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். லாரி அன்றைக்கு இன்னும் வரவில்லை. என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நெற்றியில் தண்ணீர் ஒழுக இவரும் என்னைப் பார்த்தார்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. இவர் மேல், கொத்தனார் மேல், அந்த வயிற்றுப் பிள்ளைக்காரி மேல், அவள் வயிற்றில் இருந்த பிள்ளை மேல்கூட. அப்படி நின்றுகொண்டு நான் வேறு என்ன செய்ய முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை. முந்தானையால் இவர் தலையைத் துவட்டினேன். டியூப்பை எடுத்துக்கொண்டு போய் எங்கள் குழாயைத் திறந்து, நடுவில் காற்றுக் குமிழி நிற்காமல் மெதுவாக ரொப்பிக்கொண்டு வந்தேன்.

கொத்தனார் மறுமுனையோடு மேலே ஏறினார். இவர் பக்கத்தில் நின்று நானே முனையைத் தூணில் சேர்த்துப் பிடித்தேன். கட்டைவிரலால் அடைத்தேன். "இறுக்கி" என்றார் இவர். இறுக்கினேன். மேலே இருந்து சத்தம் வந்ததும் விரலை எடுத்தேன். தண்ணீர் லேசாக ஆடி நின்றது. என் தோள் உயரம். கொத்தனார் விட்டுப்போயிருந்த பென்சிலை எடுத்துக் கோட்டை நானே போட்டேன்.

இவர் நாற்காலியில் இருந்தபடி அந்தக் கோட்டை அண்ணாந்து பார்த்தார். அவர் தலைக்கு மேலே இருந்தது. கீழே இருக்கிற கோடுகளை எல்லாம் ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடியும் மேலே பார்த்தார்.

"நல்ல உசரம்" என்றார்.

கொத்தனார் அடுத்த மூலைக்கு நடந்தார். நான் டியூப்பின் வாயை இறுக்கி அடைத்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.